வரவேண்டியது

"மாப்ளே, நீ கணக்கெழுதித்தானே இத்தனை வருசம் சோறு தின்ன. கண்மாயில செத்த மீனுக்கு ஒரு நட்டத் தொகை போட்டுக் குடு" என்று வந்து நின்றான் நண்பன். முழங்கால் வரை சேறு, கையில் கோடு போட்ட நோட்டு. அவன் மேலிருந்து வந்த நாற்றத்துக்கு என் மனைவி காபியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடித்துக்கொள்ளும் உரிமை, எடுத்திருந்தான். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கழிவு விட்டது எந்த ஆலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கார்த்திகையில் கண்மாய் பெருகியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருந்தான். விரால், கெளுத்தி, அயிரை எல்லாம் யாரும் விடாமல் தானாக வந்து சேர்கிறவை. வைகாசியில் வலை இழுக்கலாம் என்று இருந்தவனுக்குப் பங்குனிக் கடைசியில் ஒரு ராத்திரி கோடை மழை பெய்தது. ஊரே சந்தோஷப்பட்ட மழை. விடிந்து பார்த்தால் கண்மாய் வெள்ளையாகக் கிடந்தது.

நான் அவனோடு போய்ப் பார்த்தபோது மணி பத்து. கரையோரம் கட்லாக்கள் வாயைப் பிளந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கியிருந்தன. செதிலில் பளபளப்புகூடப் போகவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு வெளுத்துச் செங்கல் தூள் நிறமாகியிருந்தது. பெரிய மீனாகப் பார்த்துத்தான் முதலில் செத்திருந்தது. இத்தனைக்கும் நடுவில் விரால் மட்டும் அங்கங்கே மேலே வந்து 'பொளக்'கென்று ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. விராலுக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி அறை உண்டு. கட்லாவுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விட்டால் வேறு கதி இல்லை. விஷம் கலந்திருந்தால் விராலும் சேர்ந்து செத்திருக்கும். இது மூச்சு முட்டிச் செத்தது.

விஷயம் இதுதான். நெல் அவிக்கும் ஆலையிலிருந்து வரும் ஊறல் தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் வரத்துக்காலில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். புளித்த கஞ்சி வாடை அடிக்கும். வெயில் காலத்தில் அது கண்மாய் வரைக்கும் எட்டாது. கோடை மழை அத்தனையையும் ஒரே ராத்திரியில் உள்ளே தள்ளிவிட்டது. கஞ்சியைத் தின்னும் பாக்டீரியா கூடவே ஆக்சிஜனையும் தின்னும். வெந்நீராகக் காய்ந்த கண்மாயில் ஆக்சிஜன் முதலிலேயே குறைச்சல்: 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். 5 மில்லிகிராம் இருந்தால் கட்லா நிம்மதியாக இருக்கும். 2-க்குக் கீழே போனால் தாங்காது. ராத்திரியில் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும்.

தண்ணீர் மாதிரி எடுக்க வந்தவர்கள் மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார்கள். நல்ல வெயில். பாசி ஆக்சிஜனை அள்ளி விடுகிற நேரம். "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அது நல்ல தண்ணீர்தான். அதிகாலை ஐந்து மணித் தண்ணீரை ஒரு சோடா பாட்டிலிலாவது பிடித்து வைத்திருக்கலாமே என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பிடித்து வைத்திருந்தாலும் ஆக்சிஜன் கணக்குக்கு அது உதவாது, அங்கேயே அப்போதே அளக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

நண்பனின் நோட்டில் இப்படி இருந்தது. உண்மைத் தொகையை எழுத அவனுக்கு விருப்பமில்லை என்பதால் உருட்டிச் சொல்கிறேன். செத்தது 4,000 மீன், சராசரி அரைக் கிலோ, ஆக 2,000 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று 2,40,000. குத்தகைப் பணம் 1,00,000. குஞ்சு வாங்கியது 40,000. மொத்தம் 3,80,000 ரூபாய்.

பார்த்தவுடனே குத்தகையையும் குஞ்சையும் அடித்தேன். மீனை விற்றுத்தானே குத்தகைக்கும் குஞ்சுக்கும் போட்ட பணத்தை எடுத்திருப்பான்? மீனின் விலையைக் கேட்டுவிட்டு அந்த மீனுக்குப் போட்ட முதலையும் கேட்டால் ஒரே காசை இரண்டு தடவை கேட்பதாகும். அப்புறம் மீனின் எடை. அவை அரைக் கிலோவிலேயே நின்றிருக்காது. வைகாசிக்குள் முக்கால் கிலோ வந்திருக்கும், நாரையும் கொக்கும் பத்தில் ஒன்றைத் தின்றது போக. அப்படிப் பார்த்தால் 2,700 கிலோ, 3,24,000 ரூபாய். இதில் அவன் செலவழிக்காமல் மிச்சமான காசைக் கழிக்க வேண்டும்: வலை இழுக்கிற கூலி, ஐஸ், வண்டி வாடகை, ராக்காவல். 80,000 என்று வைத்தோம். மீதி 2,44,000. செத்த மீனை அள்ளி, ஜேசிபி வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது 15,000. பிழைத்த விராலை 400 ரூபாய்க்குப் பதில் 250-க்குத் தள்ளிவிட்டது 300 கிலோ, அதில் போனது 45,000. ஆகக்கூடி 3,04,000.

"76,000 கொறச்சிட்டியேடா. நீ யாரு பக்கம்?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் நான் குறைத்தது மட்டும் அவன் கண்ணில் பட்டது. செத்த அன்றைய எடைக்கு விலை போடாமல் வைகாசி எடைக்குப் போட்டேனே, அது கூட்டல். மீன்வளத்தில் மாசு செய்த நட்டத்தை அளக்கிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கண்ணுக்குத் தெரிவது செத்த மீன். அளக்க வேண்டியதோ நடக்காமல் போன ஒரு வைகாசி மாதம். நடந்த வைகாசிக்கு பில் இருக்கிறது, எடைச்சீட்டு இருக்கிறது. நடக்காத வைகாசிக்கு யார் ரசீது தருவார்கள்?

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பாதி நடையும் பாதி வண்டியுமாக ஊர் வந்து சேர்ந்தார். சம்பள பாக்கி அங்கேயே நின்றுபோனது. முதலாளியின் நிலமெல்லாம் 1948-ல் பர்மா அரசு கொண்டுவந்த நிலச் சட்டத்தோடு போயிற்று, அவரும் எதைக் கொண்டு பாக்கியைத் தருவார்? ஆனால் ஐயா தன் சொந்தப் பேரேட்டில் அந்த பாக்கியை வருஷாவருஷம் 'வரவேண்டியது' என்று ஏற்றிக்கொண்டே வந்தார். வருஷக் கணக்கு முடித்து ஐந்தொகை போடும்போதெல்லாம் அது வந்து நிற்கும். அப்பத்தா கேலி செய்தால், "வரும்னு எழுதல. வரணும்னு எழுதுறேன்" என்பார்.

பொருளாதாரக்காரர்கள் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஐயாவின் பெயர் போதும். கண்மாய் கெட்டதால் யாருக்கு என்ன வரவேண்டியது வராமல் போனது? அப்படிக் கேட்க ஆரம்பித்ததும் நண்பனின் நோட்டில் இடம் போதவில்லை.

முதலில் மீன்கார அக்கா. கண்மாய்க்கரையில் நண்பனிடம் எடுத்து, அலுமினியச் சட்டியில் வைத்து, காரைக்குடித் தெருக்களில் விற்கிறவர். எங்கள் பக்கம் கடல்மீன் தொண்டியிலிருந்தும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கடல்மீன் வரத்து குறைந்து கண்மாய் மீனுக்கு யோகம் அடிக்கும். அக்காவுக்கு வருஷத்தில் கை நிறையக் காசு பார்ப்பது அப்போதுதான். சரியாக அந்தச் சமயத்தில் இது நடந்தது. செத்த மீனை யாரும் விற்கவில்லை. ஆனால் செய்தி பரவிவிட்டது. அக்கா வேறு கண்மாயில் எடுத்து வந்த மீனையும் ஆட்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கண்மாயி?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொன்னாலும் நம்பவில்லை. நல்ல மீன், நல்ல தண்ணீர், மாசு படவே இல்லை. அப்படியும் விலை இறங்கியது. இந்த நட்டத்துக்கு ஆய்வகத்தில் சான்று கிடையாது. கேட்கிறவர் வாயில்தான் இருக்கிறது.

அக்காவின் நட்டத்தை மனுவில் சேர்க்கலாமா என்று நண்பனே கேட்டான். நல்ல மனசு. நான் தேடிப் பார்த்ததில் அமெரிக்காவில் ஒரு வழக்கு அகப்பட்டது. வர்ஜீனியா மாநிலத்தின் ஜேம்ஸ் ஆற்றில் கெப்போன் என்ற பூச்சிமருந்துக் கழிவு கலந்து 1975-ல் ஆற்றில் மீன்பிடிப்பதையே தடை செய்தார்கள். தடை 1988 வரை நீடித்தது. 1981-ல் நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. படகுத்துறை வைத்திருப்பவர், தூண்டில் சாமானும் இரையும் விற்கிறவர் எல்லாம் நட்டஈடு கேட்கலாம்; மீனை வாங்கி விற்கும் வியாபாரிகள் கேட்க முடியாது. எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும் என்பது அவர்கள் வாதம். மீன் விற்கிறவருக்கு இல்லாமல் தூண்டில்முள் விற்கிறவருக்கு உண்டு என்பது என் கணக்குப் புத்திக்கு இன்றுவரை ஏறவில்லை. அக்காவிடம் சொன்னேன். "அங்கயும் அப்படித்தானா அண்ணே" என்றார், ஆச்சரியமே இல்லாமல்.

அடுத்தது கண்மாய் அழிப்பு. குத்தகைக்காரன் வலை இழுத்து முடித்ததும் மிச்சத் தண்ணீரை ஊருக்குத் திறந்துவிடுவது வழக்கம். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஊத்தா, கச்சா, கொசுவலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துச் சொந்தபந்தத்தோடு சாப்பிட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தால் எல்லா வீட்டிலும் ஒரே வாசம்தான். இதில் ஒரு பைசா கைமாறுவதில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் இது கிடையாது. மாவட்ட மீன் உற்பத்தியில் வராது, பஞ்சாயத்து வரவில் வராது. அந்த வருஷம் வெள்ளைத் துண்டு வீசப்படவில்லை.

இதற்கு எப்படித் தொகை போடுவது? ஒவ்வொரு வீடும் பிடித்திருக்கக்கூடிய மீனைக் கடையில் வாங்கினால் என்ன விலையோ அதைப் போடலாம். ஆனால் அது மீனின் விலைதான், அந்த நாளின் விலை இல்லை. நேரடியாகக் கேட்டுப் பார்த்தேன். தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரியம்மாவிடம், "இந்தத் திருவிழா நிக்காம நடக்கணும்னா நீங்க எவ்வளவு குடுப்பீக?" என்றேன். "நான் எதுக்குக் குடுக்கணும்? கெடுத்தவன் குடுக்கட்டும்." சரி என்று மாற்றிக் கேட்டேன்: "திருவிழாவே வேண்டாம்னு விட்டுக்குடுக்க எவ்வளவு கேப்பீக?" வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அதோடு அந்தப் பேட்டி முடிந்தது.

கிழவியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது ஒன்றும் புதிதில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அந்தக் கடலை ஆயுசில் ஒரு தடவைகூடப் பார்க்காத அமெரிக்கர்களிடமும் போய், இப்படி இன்னொரு தடவை நடக்காமல் தடுக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டு, மொத்தம் 280 கோடி டாலர் என்று ஒரு தொகை கொண்டுவந்தார்கள். இப்படிக் கேட்டு வாங்கும் தொகையை நம்பலாமா என்று பெரிய சண்டை. கடைசியில் நோபல் பரிசு வாங்கிய கென்னத் ஆரோவையும் ராபர்ட் சோலோவையும் தலைவர்களாகப் போட்டு ஒரு குழு அமைத்தார்கள். 1993-ல் அவர்கள், இப்படி இப்படி ஜாக்கிரதையாகக் கேட்டால் நம்பலாம் என்றார்கள். எவ்வளவு கேட்பீர்கள் என்று கேட்காதே, எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேள் என்பதும் அதில் ஒன்று. நம்ம பெரியம்மாவிடம் இரண்டுமே செல்லவில்லை.

ஆனால் கிளம்பும்போது அவராகவே ஒன்று சொன்னார். "என் மக திருப்பூர்லேருந்து வருவா, சின்னவ மதுரைலேருந்து வருவா, பிள்ளைகளெல்லாம் வரும். பஸ் காசு அவுக போடுவாக, அரிசி நான் போடுவேன். ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுட்டுல்ல வருவாக." நான் அப்படியே நின்றுவிட்டேன். 1947-ல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன யோசனை இதேதான். நுழைவுச்சீட்டு இல்லாத இடத்துக்கு என்ன மதிப்பு என்று அறிய, ஆட்கள் அங்கே வந்து சேர எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பார். திருப்பூர் பஸ் கட்டணம், மதுரை பஸ் கட்டணம், போன சம்பளம். இருபது வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டேன். கூட்டிப் பார்த்தபோது நண்பனின் நட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் மிச்ச வீடுகளை இன்னும் கேட்கவே இல்லை.

அதாவது காகிதம் வைத்திருந்தவன் தன் நட்டத்தைக் கூட்டிச் சொன்னான். ஊர் தன் நட்டத்தைச் சொல்லவே இல்லை. இரண்டும் ஒரே கண்மாய்.

வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் அரசாங்கத்துக்கு எப்போதும் சுலபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்கு 7,500, படகு சரிசெய்ய 787 படகுகளுக்கு 10,000 என்று அறிவித்தது. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். பழக்கதோஷத்தில் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. சீக்கிரம் கையில் காசு வேண்டிய நேரத்தில் அது உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அளந்து கொடுத்தது இல்லை. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவருக்கு எத்தனை மாதம் போனது என்பது அந்தப் பெருக்கலில் எங்கேயும் கிடையாது.

அளந்தே தீருவோம் என்று நம் நாட்டில் ஒரு தடவை முயற்சி நடந்திருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணைகள் சம்பாதிப்பதைவிட அவற்றால் கடற்கரை இழப்பது அதிகம் என்று நிபுணர்கள் வரவும் பற்றும் எதிரெதிரே வைத்துச் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இறால் ஏற்றுமதி டாலரில் தெரியும். உப்பேறிய கிணற்றுக்கு டாலர் கிடையாது. அதையும் ஒரு பத்தியில் ஏற்றி எழுதியதுதான் அந்தக் கணக்கின் பெருமை.

இதே கணக்கைத் தொண்டிக் கடலுக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று தேவகோட்டை வழியாக ஒருமுறை போனபோது யோசித்துக்கொண்டே போனேன். அங்கே கதை வேறு. கண்மாய்க்குக் குத்தகைக்காரன் ஒருவன். கெட்டால் அவன் லாபம் விழும், அடுத்த ஏலத்தில் தொகை விழும், பஞ்சாயத்து வரவு விழும். எங்கேயாவது ஓரிடத்தில் பதிவாகும். கடல் யாருக்கும் குத்தகை இல்லை. மீன்பாடு நன்றாக இருந்தால் இன்னொருவர் படகு கட்டுவார். லாபம் கரைந்து, வரவும் செலவும் சமமாகிற வரைக்கும் படகு சேர்ந்துகொண்டே இருக்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்காட் கார்டன் 1954-லேயே இதை எழுதிவிட்டார். அப்படிப்பட்ட கடலில் மாசு கலந்து மீன் குறைந்தால் என்ன ஆகும்? முன்னேயும் லாபம் பெரிதாக இல்லை, பின்னேயும் இல்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறவர் 'நட்டமே இல்லையே' என்பார். நட்டம் வேறு இடங்களில் ஒளிந்துகொண்டிருக்கும்: கூடுதல் தூரம் போக ஊற்றிய டீசலில், வட்டிக்கடையில் ஏறிய பாக்கியில், நண்டுக்கு நாம் கொடுக்கிற விலையில், படகை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனவனில். தொண்டியில் ஒருவர், "முன்னாடி ரெண்டு மணி நேரத்துல வந்ததுக்கு இப்ப அஞ்சு மணி நேரம் ஓட்டுறோம்" என்றார். காரணம் மாசா, அளவுக்கு மீறிப் பிடித்ததா என்று கேட்டேன். சிரித்தார். இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாதவரைக்கும் கெடுத்தவனுக்குக் கவலையே இல்லை.

வட்டி பற்றியும் சொல்ல வேண்டும், செட்டிநாட்டில் இருந்துகொண்டு சொல்லாமல் எப்படி. அலாஸ்காவில் எண்ணெய் கொட்டியது 1989-ல். ஹெர்ரிங் என்ற மீன்கூட்டம் சரிந்தது 1993-ல். காரணம் அந்த எண்ணெய்தானா என்பதில் இன்னமும் சண்டை. நட்டம் இப்படிப் பிந்தி வந்தால் இன்றைய மதிப்பில் அதை எவ்வளவு என்று எழுதுவது? பத்து வருஷம் கழித்து வரப்போகும் 100 ரூபாய் நட்டத்தை, 4 சதவீத வட்டிக்குக் கழித்தால் இன்றைக்கு 67 ரூபாய் சொச்சம். எங்கள் ஊரில் புழங்கும் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம் என்று கழித்தால் பதினொன்றரை ரூபாய் சொச்சம். அதே மீன், அதே நட்டம். வட்டி விகிதத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து கண்மாயின் எதிர்காலம் 67 ரூபாயாகவோ பதினொன்றரையாகவோ ஆகிவிடுகிறது. மிச்ச வாதமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சீக்கிரம் கணக்கை முடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஜப்பானில் மினமாட்டா விரிகுடா மீனவர் சங்கத்துக்கு மீன் குறைந்ததற்காக 1926-லும் 1943-லும் அங்கே கழிவைக் கொட்டிய சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. மீன் கணக்கு தீர்ந்தது. 1956-ல்தான் அந்த மீனைத் தின்ற மனிதர்களுக்கு வந்த பாதரச நோய் பதிவாயிற்று.

நான் நான்கு பக்கத்துக்கு மனு தயாரித்தேன். குத்தகைக்காரர் நட்டம், மீன் விற்பவர்கள் நட்டம், ஊர்த் திருவிழா, பஞ்சாயத்துக்கு அடுத்த ஏலத்தில் வரப்போகும் குறைவு, கண்மாயைத் தூர்வாரித் திரும்பக் குஞ்சு விட ஆகும் செலவு என்று தனித்தனியாக, எதை எப்படிக் கணக்கிட்டேன் என்ற விவரத்தோடு. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு எழுதியதில்லை. நண்பன் பைண்டிங் செய்து கொண்டுபோனான்.

மனுவை வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பில் இருக்கா?" என்று கேட்டாராம். திருவிழாவுக்கு பில் இல்லை. அக்காவுக்கு பில் இல்லை. வைகாசியில் முக்கால் கிலோ ஆகியிருக்கக்கூடிய கட்லாவுக்கு பில் இல்லை. அப்புறம் எதற்குத்தான் இருக்கிறது என்று கேட்க, நண்பன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இரண்டே காகிதம்: குத்தகை கட்டிய ரசீது, குஞ்சு வாங்கிய பில். நான் ஒரே காசு இரண்டு தடவை என்று அடித்துப்போட்ட அதே இரண்டு. "இதை மட்டும் ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றாராம்.

"பாத்தியா மாப்ளே, நான் எழுதுனதுதான் செல்லுச்சு" என்றான் நண்பன். ஒரு பக்கத்தில் 1,40,000 என்று தட்டச்சு செய்து கொடுத்தேன். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பதில் வரவில்லை.

பைண்டிங் செய்த நான்கு பக்கம் என் மேஜையில் இருக்கிறது. போன மாசம் கண்மாய் மறுபடி ஏலத்துக்கு வந்தது. நண்பன் கேட்கவில்லை. வேறு யாரோ முன்பு போனதில் பாதித் தொகைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். மீன்கார அக்கா நேற்று அயிரை கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாமல், "எந்தக் கண்மாயி அக்கா?" என்று நானும் கேட்டுவிட்டேன்.